கல்லையும் கலையையும் கண்டறிந்தவர்: கலாயோகி ஆனந்த குமாரசுவாமி

குடமுருட்டி ஆற்றங்கரையில் அமைந்த வலங்கைமானிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் கிணறு தோண்டுவோர் பாறையைக் காண்பதில்லை. மண்வெட்டி இறங்க இறங்க வண்டலும் களியும் மணலுமே வெளிப்படும். நம் வீட்டு அம்மியும் ஆட்டுக்கல்லும் வெளியூரிலிருந்து வண்டியேறி வந்தவை. தஞ்சைப் பெரிய கோயிலின் கருங்கற்களும் வயல் சூழ்ந்த இந்நிலத்தில் வெட்டப்பட்டவை அல்ல. நெல் விளையும், கல் விளையாது என்பது இச்சோழநாட்டுச் சமவெளியின் இயல்பு.

எனினும் இங்கே கல் இல்லை என்று முற்றாகச் சொல்லிவிடவும் இயலாது. கோடையில் வறண்டு கிடக்கும் ஆற்றில் ஒரு கைப்பிடி மணலை அள்ளி வெயிலில் பரப்பிப் பார்த்தால் வெண்மையான குவார்ட்சு மணிகள் தென்படும். இடையிடையே மைக்காவின் மினுமினுப்பும், செந்நிறக் கார்னெட் துகள்களும், எடை மிகுந்த கருமணலும் காணப்படும். இவையெல்லாம் காவிரியும் அதன் துணையாறுகளும் மேற்கே உள்ள மலைநாட்டிலிருந்து உடைத்தும் உருட்டியும் தேய்த்தும் கொண்டுவந்து சேர்த்த பாறைகளின் எச்சங்கள். மலையே துகளாகி நம் வாயிலுக்கு வந்து கிடக்கிறது. நாம் அதனை மிதித்துச் செல்கிறோம்.

இவ்வாறு ஆறு கொண்டுவந்து போட்ட சரளைக்குள்ளிருந்து உலகம் அதுவரை அறியாத ஒரு கனிமத்தை அறிவியலின் பார்வைக்குக் கொண்டுவந்த தமிழ்க்குடிப் பெருமகன் ஒருவர் உண்டு. நடராசர் திருமேனியின் தத்துவத்தை உலகுக்கு எடுத்துரைத்தவர் என்றே தமிழ்கூறு நல்லுலகம் அவரைப் போற்றுகிறது. அவர் கலைஞர்களைப் பற்றி எழுதுமுன் கற்களைப் பற்றி எழுதினார் என்பதும், அக்கற்களே அவரைக் கலையின்பால் அழைத்துச் சென்றன என்பதும் பலர் அறியாதவை. அவர்தாம் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி. அவருடைய வாழ்வின் முற்பகுதியை, அறிவியல் பயிலும் மாணவரும் தமிழ் பயிலும் மாணவரும் ஒருங்கே அறிந்துகொள்ளும் வண்ணம் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறப்பும் கல்வியும்

ஆனந்த குமாரசுவாமி 1877ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 22ஆம் நாள் கொழும்பில் பிறந்தார். தந்தையார் சர் முத்து குமாரசுவாமி. யாழ்ப்பாணத்துத் தமிழ்க் குடும்பத்தில் தோன்றி, இலண்டனில் சட்டம் பயின்று வழக்கறிஞரானவர். இலங்கைச் சட்டசபையில் அங்கம் வகித்தவர். உண்மைக்காக உற்றாரையும் உடைமையையும் இழந்த அரிச்சந்திரனின் தமிழ் நாடகத்தை 1863இல் ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டவரும் அவரே. சர் பொன்னம்பலம் இராமநாதனும் சர் பொன்னம்பலம் அருணாசலமும் அவருடைய சகோதரியின் மைந்தர்கள். தாயார் எலிசபெத் பீபி, இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தைச் சேர்ந்தவர்.

குழந்தைக்கு இரண்டு வயது நிறையுமுன்னரே தந்தையை இழக்கும் துயரம் நேர்ந்தது. இங்கிலாந்து சென்றிருந்த மனைவியையும் மகனையும் காணக் கப்பலேறவிருந்த நாளிலேயே, 1879ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் நாள், சர் முத்து குமாரசுவாமி காலமானார். தந்தையின் மொழியும் நிலமும் அறியாமலேயே ஆனந்தர் இங்கிலாந்தில் வளர்ந்தார். பன்னிரண்டாம் வயதில் குளோஸ்டர்சயரிலுள்ள விக்ளிஃப் பள்ளியில் சேர்ந்தார்.

மாணவப் பருவத்திலேயே அவர் உள்ளத்தைக் கவர்ந்தவை பாறைகள். பள்ளிக்கு அருகிலிருந்த டோவரோ என்னும் குன்றின் நிலவியலைக் குறித்துப் பள்ளி இதழில் அவர் எழுதிய கட்டுரையே அவருடைய எழுத்துகளில் முதன்மையானது என்பர். பின்னர் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் நிலவியலும் தாவரவியலும் பயின்று 1900ஆம் ஆண்டு முதல் வகுப்பில் தேறினார். அதே ஆண்டில் இலங்கைப் பாறைகளையும் அங்குக் கிடைக்கும் கிராஃபைட்டையும் பற்றி அவர் எழுதிய ஆய்வுரை இலண்டன் நிலவியல் கழகத்தின் காலாண்டிதழில் வெளியாயிற்று. தந்தையின் நாட்டை அவர் முதலில் கற்கள் வாயிலாகவே கற்றார் எனலாம்.

1903ஆம் ஆண்டில் இலங்கைக் கனிம ஆய்வுத் துறையின் இயக்குநர் பொறுப்பு அவருக்குக் கிட்டியது.  ஏறத்தாழ மூன்றாண்டுக் காலம், 1906 வரை, மலையும் காடும் ஆறும் நிறைந்த உள்நாட்டுப் பகுதிகளில் பயணம் செய்து பாறைகளை ஆராய்ந்தார். அவருடைய துணைவியார் எத்தெல் கைத்தொழில்களை நிழற்படம் எடுத்து உதவினார்.

பாறையின் கடைசிப் பந்தி

குமாரசுவாமி செய்த பணியின் அருமையை உணர வேண்டுமானால், அரிய கனிமங்கள் எங்கே பிறக்கின்றன என்பதைச் சிறிது அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

நிலத்தின் ஆழத்தில் பாறைக்குழம்பு மெல்லக் குளிரும்போது, பெருவழக்கான தனிமங்கள் முதலில் ஒன்றுசேர்ந்து ஃபெல்ஸ்பார், குவார்ட்சு, மைக்கா முதலிய கனிமங்களாக உறைகின்றன. அணுவின் அளவாலோ மின்னேற்றத்தாலோ இக்கனிமங்களுக்குள் இடம் பெறவியலாத தனிமங்கள் சில உண்டு. லித்தியம், போரான், பெரிலியம், தோரியம், யுரேனியம் போன்றவை அவை. திருமண வீட்டில் முதற்பந்தியில் இடம் கிடைக்காதோர் கடைசிப் பந்திக்குக் காத்திருப்பதைப் போல, இவை எஞ்சிய குழம்பிலேயே தங்கிச் செறிவடைகின்றன. நீர்ச்சத்தும் மிகுந்த அந்த எச்சக்குழம்பு பாறைப் பிளவுகளில் புகுந்து உறையும்போது பெரிய பெரிய படிகங்களோடு கூடிய ஒருவகைப் பாறை தோன்றுகிறது. அதுவே பெக்மடைட்.

உலகின் அரிய கனிமங்களுள் மிகப் பல பெக்மடைட்டில் பிறந்தவை. பாஸ்பரசு சேர்ந்த பாஸ்பேட் கனிமங்களும் அவற்றுள் அடங்கும். அப்படைட், மோனசைட் ஆகிய இரண்டும் நமக்கு நெருக்கமானவை. வயலுக்கு இடும் மணிச்சத்து உரத்தின் மூலப்பொருள் அப்படைட் இனத்துப் பாறை. மோனசைட்டோ தோரியத்தையும் அருமண் உலோகங்களையும் தன்னுள் அடக்கிய பாஸ்பேட். மழையும் வெயிலும் பாறையைச் சிதைக்க, இவை ஆற்றோடு இறங்கிச் சரளையிலும் கடற்கரை மணலிலும் ஒதுங்குகின்றன. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியின் கருமணலில் மோனசைட் இருப்பது இவ்வாறே.

இலங்கையின் இரத்தினபுரிப் பகுதியில் மாணிக்கம் தேடுவோர் தோண்டுவதும் இத்தகைய ஆற்றுச் சரளையையே. அதனை மூங்கிற் கூடையிலிட்டு நீரில் சுழற்றுவர். இலேசான மணல் வழிந்தோட, கனமான கற்கள் கூடையின் அடியில் தங்கும். நம் வீட்டுப் பெண்கள் அரிசியை நீரில் அரித்துக் கல் பிரிப்பதும் இதே முறைதான். அங்கே அரிசி போகக் கல் வேண்டும். இங்கே கல் போக அரிசி வேண்டும். வேறுபாடு அவ்வளவே.

சரந்தீபின் பெயர் தாங்கிய கனிமம்

குமாரசுவாமியின் பெயரோடு இணைந்த முதற் கனிமம் நீலநிறம் உடையது. கண்டிப் பகுதியில் அம்பகோட்டைக்கு அருகிலுள்ள கங்கபிட்டியா என்னுமிடத்தில் சுண்ணாம்புப் பாறையும் கிரானுலைட் பாறையும் சந்திக்கும் எல்லையில் அது கிடைத்தது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் கனிமவியல் அறிஞர் பிரையர் அதன் வேதியியலை ஆராய்ந்தார். கால்சியம், மக்னீசியம், அலுமினியம், சிலிக்கான் ஆகியவற்றோடு போரானும் சேர்ந்த புதுக்கனிமம் அது என்று தெளிவாயிற்று. இருவரும் இணைந்து எழுதிய விளக்கவுரை 1903ஆம் ஆண்டு இலண்டனின் கனிமவியல் ஆய்விதழில் வெளிவந்தது.

அதற்கு அவர்கள் இட்ட பெயர் செரண்டிபைட். இப்பெயர் நம் கவனத்திற்குரியது. கனிமங்களுக்கு ஆள்வோரின் பெயரையும் அறிஞர்களின் பெயரையும் சூட்டுவது அக்காலத்தில் பெருவழக்கு. ஆயினும் இக்கனிமத்திற்கு அமைந்தது அரபு வணிகரும் மாலுமிகளும் இலங்கையை அழைத்த பழம்பெயர். தமிழ் முஸ்லிம்கள் சரந்தீபு என வழங்குவதும் அதுவே. மாணிக்கத்திற்காகவும் பாவா ஆதம் மலைக்காகவும் அரபு நாட்டவர் அத்தீவை நன்கு அறிந்திருந்தனர். 1344ஆம் ஆண்டில் அங்கு வந்த இப்னு பதூதா அம்மலைக்கு ஏறியதையும் அரசர்பால் கண்ட மாணிக்கங்களையும் தம் பயண நூலில் எழுதி வைத்தார். அங்கிருந்து புறப்பட்டவர் புயலில் சிக்கித் தமிழகத்தின் சோழமண்டலக் கரையில் ஒதுங்கியதும் வரலாறு.

கல்லை எடைபோட்டு அறியும் கலைக்கும் இசுலாமிய அறிஞர்களுக்கும் நெடுந்தொடர்பு உண்டு. 973ஆம் ஆண்டில் பிறந்த அல்பிரூனி மணிகளையும் உலோகங்களையும் பற்றித் தனிநூல் இயற்றினார். ஒரு பொருளை நீர் நிறைந்த கலத்தில் இட்டு, வழிந்த நீரை எடைபோட்டு, அப்பொருளின் ஒப்படர்த்தியை வியக்கத்தக்க துல்லியத்துடன் கணித்தார். செந்நிறக் கற்கள் இரண்டு கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றினும், எடை அவற்றின் வேற்றுமையைக் காட்டிக்கொடுக்கும் என்பதை அவர் அறிந்திருந்தார். மலைகளின் வெண்மையையும் செம்மையையும் கருமையையும் எண்ணிப் பார்க்குமாறு திருமறையின் ஃபாத்திர் அத்தியாயம் மனிதரை அழைக்கிறது. அந்த அழைப்பை ஏற்றுச் சிந்தித்த மரபு அது. குமாரசுவாமி கையாண்ட அடிப்படைச் சோதனைகளுள் ஒன்றும் இந்த ஒப்படர்த்திச் சோதனையே.

தவறு திருத்தப்பட்ட கதை

செரண்டிபைட்டினும் பெரும்புகழ் பெற்றது அடுத்து வந்த கனிமம். பாவா ஆதம் மலை நிற்கும் அதே சபரகமுவா மாகாணத்தில் பலாங்கொடைக்கு அருகில் மாணிக்கச் சரளையை அரித்துத் தேடியபோது, சின்னஞ்சிறு பகடைகள் போன்ற கரிய கனசதுரப் படிகங்கள் கிடைத்தன. அவற்றை முதலில் கவனித்து எடுத்தவர் ஹாலண்டு என்பவர். அளவுக்கு மீறிய கனமே அவற்றின் தனித்தன்மை. சாதாரணப் பாறை தன் பருமனுக்கு ஒத்த நீரைப் போல் இரண்டரை மடங்கோ மூன்று மடங்கோ எடையுடையது. இக்கரும்படிகமோ ஒன்பது மடங்கினும் மிகுதியான எடை காட்டியது.

படிகங்கள் குமாரசுவாமியின் கைக்கு வந்தன. கருமை, பெருங்கனம், கனசதுர வடிவம் ஆகிய மூன்றையும் கண்டு அது யுரேனினைட் என்னும் யுரேனியக் கனிமமாக இருக்கலாம் என்று முதலில் கருதப்பட்டது. அக்காலத்தில் அது இயல்பான எண்ணமே. 1898ஆம் ஆண்டில்தான் கியூரி தம்பதியர் யுரேனியக் கனிமத்திலிருந்து ரேடியத்தைக் கண்டறிந்திருந்தனர். எல்லோருடைய கண்ணும் யுரேனியத்தின் மீதிருந்த காலம் அது.

குமாரசுவாமி அவ்வெண்ணத்தோடு நின்றுவிடவில்லை. படிகங்கள் இலண்டனிலுள்ள இம்பீரியல் நிறுவனத்திற்கு வேதிப் பகுப்பாய்வுக்கு அனுப்பப்பட்டன. அங்கு டன்ஸ்டன் என்னும் அறிஞர் ஆராய்ந்து, 1904ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில் நேச்சர் இதழில் முடிவை வெளியிட்டார். யுரேனியம் அதில் சிறு பங்கே. ஏறத்தாழ முக்கால் பங்கு தோரியம் ஆக்சைடு. தோரியம் அவ்வளவு செறிந்த கனிமம் அதுவரை உலகில் அறியப்படவில்லை. தோரியனைட் என்று அதற்குப் பெயரிடப்பட்டது. ஆக, ஹாலண்டு எடுத்தார். குமாரசுவாமி அதன் அருமையை உணர்ந்து ஆராய்ச்சிக்கு உட்படுத்தினார். டன்ஸ்டன் பகுத்துப் பெயரிட்டார். மூவர் கைப்பட்ட பின்னரே அக்கல் தன் உண்மைப் பெயரை அடைந்தது.

தோரியனைட்டைக் குமாரசுவாமி ஒருவரே கண்டுபிடித்தார் என்று நம் மேடைகளில் முழங்குவோர் உண்டு. அவர்பால் கொண்ட அன்பினால் சொல்லப்படுவதேயாயினும், அது அவருக்கு முழுப் பெருமை சேர்ப்பதாகாது. முதலில் எண்ணியது தவறு என்று சோதனை காட்டியபோது அதனை ஏற்றுக்கொண்ட நேர்மையே அவர் பணியின் மெய்ப்பெருமை. வள்ளுவப் பெருந்தகை மெய்யுணர்தலுக்கெனத் தனி அதிகாரம் வகுத்தார். தோற்றம் வேறு, மெய் வேறு என்பதற்குப் பலாங்கொடைக் கருங்கல்லைவிட நல்ல சான்று வேண்டுவதில்லை. உண்மைக்கு உயிர் கொடுத்த அரிச்சந்திரனின் கதையைப் பெயர்த்த தந்தைக்கு இத்தகைய மகன் பிறந்தது பொருத்தமே.

ஒரு கல்லினால் விளைந்தவை

அக்கருங்கல் எங்கெல்லாம் சென்றது என்பதைக் காண்போம். முதலாவது, விளக்கொளி. மின்சாரம் எட்டாத நாள்களில் நம்மூர்த் திருமண ஊர்வலங்களிலும் கந்தூரி விழாக்களிலும் தலைச்சுமையாக வந்த பெட்ரோமாக்ஸ் விளக்கை முதியோர் மறந்திருக்க மாட்டார்கள். அதன் கண்ணாடிக்குள் வெள்ளொளி வீசிய மேண்டில் என்னும் வலைப்பை, தோரியம் உப்புக் கரைசலில் தோய்த்த நூலால் ஆனது. நூல் எரிந்தபின் எஞ்சும் தோரியம் ஆக்சைடே ஒளி தருவது. எரிவாயு விளக்குகள் ஐரோப்பிய நகரத் தெருக்களை ஆண்ட காலத்தில் தோரியத்திற்குப் பெருந்தேவை இருந்தது. ஆதலால் இலங்கைத் தோரியனைட் நல்ல விலைக்கு ஏற்றுமதியாயிற்று. 1909இல் திருவிதாங்கூர்க் கடற்கரையில் மோனசைட் மணல் கண்டறியப்பட்ட பிறகு, அந்தப் பாஸ்பேட் மணலே தோரியத்தின் முதன்மையான ஊற்றாயிற்று.

இரண்டாவது, அணுவியல். இலண்டன் அறிஞர் சர் வில்லியம் ராம்சே தோரியனைட்டைச் சூடாக்கியபோது ஹீலியம் வாயு மிகுதியாக வெளிப்பட்டது. கதிரியக்கத்தால் அணுக்கள் சிதையும்போது பிறந்து, படிகத்திற்குள்ளேயே ஊழிக்காலமாகச் சிறைப்பட்டிருந்த வாயு அது. அதே ஆய்வுக்கூடத்திற்கு 1904ஆம் ஆண்டு ஆங்கிலம் கற்கவும் அறிவியல் பழகவும் ஓட்டோ ஹான் என்னும் செருமானிய இளைஞர் வந்தார். இலங்கைத் தோரியனைட்டிலிருந்து எடுத்த உப்பைக் கொடுத்து, அதிலிருந்து ரேடியத்தைப் பிரிக்குமாறு ராம்சே பணித்தார். அம்முயற்சியில் ஹான் கண்டதோ எவரும் எதிர்பாராத வேறொரு கதிரியக்கப் பொருள். ரேடியோதோரியம் எனப் பெயர் பெற்ற அக்கண்டுபிடிப்பு 1905இல் வெளியாகி, அவரை அணுவியலின் பாதையில் நிலைநிறுத்தியது. 1938இல் யுரேனிய அணு பிளவுபடுவதைக் கண்டறிந்த ஆராய்ச்சிக்குத் தலைவராக விளங்கியவரும் அதே ஹான். பலாங்கொடை ஓடையில் கூடையின் அடியில் தங்கிய சிறுகல் இவ்வளவு தொலைவு நடந்தது.

இலங்கை நிலவியல் குறித்துச் செய்த ஆய்வுகளுக்காக 1906ஆம் ஆண்டு இலண்டன் பல்கலைக்கழகம் குமாரசுவாமிக்கு அறிவியல் முதுமுனைவர் பட்டம் வழங்கியது. அத்துறையிலேயே நின்றிருந்தால் புகழ்பெற்ற நிலவியலாளராக அவர் வாழ்ந்திருப்பார். ஆனால் அவர் நிற்கவில்லை.

கல்லிலிருந்து கலைக்கு

பாறை தேடிச் சிற்றூர்தோறும் சென்றவர் கண்ணில் வேறொன்றும் பட்டது. கண்டி நாட்டின் கொல்லரும் தச்சரும் நெசவாளரும் ஓவியரும் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த கைத்தொழில்கள் நலிந்துகொண்டிருந்தன. ஆலைச் சரக்குகள் சந்தையை நிரப்பின. மக்கள் தம் பொருளையே தாழ்வாக மதிக்கத் தொடங்கியிருந்தனர். கற்களை ஆராயச் சென்றவர் கைகளை ஆராயத் தொடங்கினார். 1905இல் இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கம் தோன்ற முன்னின்றார். தாய்மொழி வாயிலாகக் கல்வி புகட்டப்பட வேண்டும் என்று வாதாடினார். தாம் தமிழ்நிலத்தை விட்டுத் தொலைவில் வளர்ந்ததன் இழப்பை அவர் உணர்ந்திருத்தல் கூடும்.

1908இல் வெளிவந்த அவருடைய இடைக்காலச் சிங்களக் கலை என்னும் பெருநூலை வாசிப்போர் அதில் கனிமவியலாளரின் கையைக் காணலாம். கருவி எது, மூலப்பொருள் எது, கலவை எவ்வளவு, செய்முறை எப்படி, செய்பவர் யார், அவருக்குக் கிடைப்பது என்ன என்று ஒவ்வொன்றையும் வரிசைப்படுத்தி விளக்கினார். அழகு என்று பொதுப்படப் புகழ்ந்து விலகிச் செல்லவில்லை. கனிமத்தை விவரிப்போர் நிறம், கடினம், ஒப்படர்த்தி, படிக அமைப்பு, வேதிக்கூறு என முறையாகச் செல்வதைப் போன்றதே இதுவும். அந்நூலின் அச்சுப்பணியைப் பதினைந்து திங்கள் தாமே மேற்பார்த்து, 425 படிகள் மட்டும் வெளியிட்டார்.

கொழும்பு அருங்காட்சியகத்திலிருந்த செப்புத் திருமேனிகளைப் பற்றி 1914இல் அவர் எழுதிய நூல் நம் பகுதியினருக்கு நெருக்கமானது. பொலன்னறுவையில் தோண்டியெடுக்கப்பட்ட சைவத் திருமேனிகள் அவற்றுள் அடங்கும். சோழநாட்டுக் கலைமரபின் சாயல் அவற்றில் உண்டு. அம்மரபு இன்றும் நம் அருகில் உயிரோடிருக்கிறது. வலங்கைமானிலிருந்து சிறிது தொலைவிலுள்ள சுவாமிமலையில் சிற்பிகள் மெழுகால் உருச்செய்து, அதன்மேல் காவிரியின் நுண்ணிய வண்டல் மண்ணைப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்விடத்தில் உலோகக் குழம்பை வார்க்கின்றனர். மலையிலிருந்து பாறையை அரைத்துக் கொண்டுவந்த அதே ஆறு, திருமேனிக்குக் கருப்பையாகவும் ஆகிறது. கல்லும் கலையும் ஒரே ஆற்றின் கொடை என்பதை இதனினும் தெளிவாகக் காட்ட இயலாது.

1916இல் இராசபுத்திர ஓவியம் பற்றிய இரு தொகுதிகளை வெளியிட்டார். அதுவரை இந்தியச் சிற்றோவியங்கள் அனைத்தையும் ஒரே கூடையில் இட்டுப் பாரசீகம் என்றோ மொகலாயம் என்றோ அழைத்து வந்தனர். இராசபுத்திர ஓவியம் வேறு, மொகலாய ஓவியம் வேறு எனப் பிரித்து, இரண்டுக்கும் உரிய தனிச்சிறப்புகளை அவர் எடுத்துக்காட்டினார். யுரேனினைட் எனத் தோன்றியது தோரியனைட் ஆன பாடத்தை மறவாதவரால்தான் இதைச் செய்ய முடியும்.

போஸ்டனில் முப்பதாண்டு

தாம் அரும்பாடுபட்டுத் திரட்டிய ஓவியங்களும் சிற்பங்களும் இந்திய மண்ணிலேயே தங்க வேண்டும், அதற்கொரு தேசிய அருங்காட்சியகம் அமைய வேண்டும் என அவர் விரும்பினார். அவ்விருப்பம் நிறைவேறவில்லை. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படைக்குத் துணைபோக மறுத்ததால் அரசின் வெறுப்பும் சேர்ந்தது. 1917ஆம் ஆண்டு அமெரிக்காவின் போஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் அவரையும் அவர் திரட்டிய தொகுப்பையும் ஏற்றுக்கொண்டது. இலங்கையின் கற்கள் இலண்டன் சென்றதைப் போல, இந்தியாவின் ஓவியங்கள் போஸ்டன் சென்றன. இது அவர் குற்றமன்று. தம்மிடம் உள்ளதன் அருமையை அறியாத நாடு அதனை அறிந்தவரிடம் இழக்கும் என்பதற்கு அவர் வாழ்வே சான்றாகிவிட்டது.

1918இல் வெளிவந்த சிவநடனம் என்னும் கட்டுரைத் தொகுதி அவரை உலகறியச் செய்தது. எனினும் அவர் ஒரு சமயத்தின் கலைக்கு மட்டும் உரியவராக இருந்தாரல்லர். 1206இல் அல்ஜஸரீ அரபு மொழியில் எழுதி முடித்த பொறியியல் நூலின் ஏட்டுப் படங்களைக் குறித்து 1924இல் தனிநூல் எழுதினார். நீர்க்கடிகாரங்களும் தானே இயங்கும் பொம்மைகளும் அதில் விளக்கம் பெற்றன. 1930இல் போஸ்டனின் மொகலாய ஓவியங்களுக்கு விளக்க அட்டவணை தொகுத்தார். 1933 முதல் அவர் வகித்த பதவியின் பெயரே இந்திய, பாரசீக, முகம்மதியக் கலைகளின் ஆய்வறிஞர் என்பதாகும். மறுவாண்டில், வாழ்வுநீரின் காவலராக மக்கள் போற்றும் ஹிள்ர் (அலை) அவர்களைப் பாரசீக, மொகலாய ஓவியங்கள் சித்திரிக்கும் முறையை ஆராய்ந்து கட்டுரை வரைந்தார். மீன்மேல் நின்று நீரைக் கடக்கும் அப்பெரியாரின் உருவத்தில் பல பண்பாடுகள் கலந்து ஓடுவதைக் கண்டுகாட்டினார்.

1947ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் இந்தியா விடுதலை பெற்றது. ஒரு வாரம் கழித்து அவருக்கு எழுபது வயது நிறைந்தது. அருங்காட்சியகப் பணியிலிருந்து ஓய்வு பெற்று இந்தியாவுக்குத் திரும்பி, அமைதியாக வாழ எண்ணியிருந்தார். இறைவன் நாட்டம் வேறாக இருந்தது. செப்டம்பர்த் திங்கள் 9ஆம் நாள் போஸ்டனை அடுத்த நீடம் என்னும் ஊரில் அவர் உயிர் பிரிந்தது. மகனைக் காணக் கப்பலேறுமுன் தந்தை மறைந்தார். தாயகம் காணக் கப்பலேறுமுன் மகன் மறைந்தார்.

நமக்கு உரிய பாடம்

இன்று புதிய கனிமம் ஒன்றைக் கண்டதாகச் சொல்வோர், பன்னாட்டுக் கனிமவியல் சங்கத்தின் குழுவுக்கு அதன் வேதிக்கூறு, படிகக் கட்டமைப்பு, ஒளியியல் பண்புகள் அனைத்தையும் அளிக்க வேண்டும். மூலப்படியை அருங்காட்சியகத்தில் வைக்கவும் வேண்டும். குழு ஏற்ற பின்னரே பெயர் நிலைக்கும். இவ்வாறு ஏற்கப்பட்ட கனிமங்கள் ஏறத்தாழ ஆறாயிரம். தோரியனைட்டும் செரண்டிபைட்டும் நூறாண்டைக் கடந்தும் அப்பட்டியலில் நிலைபெற்றுள்ளன. செரண்டிபைட் இன்றும் உலகின் மிக அரிய மணிகளுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது.

அறிவியல் மாணவர்க்குத் தமிழ் எதற்கு என்றும், தமிழ் மாணவர்க்கு அறிவியல் எதற்கு என்றும் கேட்கும் குரல் கல்லூரி வளாகங்களில் அவ்வப்போது எழுவதுண்டு. குமாரசுவாமியின் வாழ்வு அதற்குத் தக்க மறுமொழி. கல்லை எடைபோடக் கற்ற கைகளே பின்னர்ச் செப்புத் திருமேனியையும் பாரசீக ஓவியத்தையும் எடைபோட்டன. எதனையும் முன்பே தெரிந்ததுபோல் பெயரிட்டு ஒதுக்காமல், பொறுமையாகப் பார்த்து, பிறர் சோதனைக்கும் உட்படுத்தி, தவறெனில் திருத்திக்கொண்டு, பிறகே பெயர் சொல்லும் பழக்கத்தை அவர் இரு துறைகளிலும் கைவிடவில்லை.

வலங்கைமானிலிருந்தும் பாபநாசத்திலிருந்தும் குடவாசலிலிருந்தும் நாள்தோறும் ஆற்றுப்பாலங்களைக் கடந்து கல்லூரிக்கு வரும் மாணவச் செல்வங்களுக்கு ஒரு வேண்டுகோள். கோடை விடுமுறையில் ஒருநாள் ஆற்றில் இறங்கி ஒரு பிடி மணலை எடுத்து வாருங்கள். வேதியியல் துறையிலோ இயற்பியல் துறையிலோ உள்ள உருப்பெருக்கியின் கீழ் அதனை வைத்துப் பாருங்கள். கண்ட நிறங்களையும் வடிவங்களையும் நல்ல தமிழில் எழுதிக் கொண்டுவந்து தமிழ்த்துறையில் கொடுங்கள். அம்மணலில் புதுக்கனிமம் கிடைக்க வேண்டும் என்பதில்லை. நம் காலடியில் கிடப்பதை நாமே பார்த்து நம் மொழியில் சொல்லப் பழகினால், அடுத்த தலைமுறையின் கற்களும் கலைகளும் பெயரில்லாமல் கப்பலேறிப் போகமாட்டா.